வைரத் தோட்டில் தெளிவு பார்ப்பது எப்படி

நெல்லை டவுன் ரத வீதிகளில் எந்த நகைக்கடையில் ஏறினாலும், வைரத் தட்டை எடுத்து வைத்ததும் முதலில் காதில் விழுவது "இது விவிஎஸ் கல்லு, அக்கா" என்பதுதான். கல்யாணத்துக்கு ஏழுகல் தோடு எடுக்க வந்த அம்மாவும் மகளும் தலையாட்டிவிட்டு நேரே விலைக்குப் போய்விடுகிறார்கள். அந்த மூன்றெழுத்து எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று தெரிந்துகொண்டு போனால் அதே பணத்துக்கு இன்னும் நல்ல கல் எடுக்கலாம்.

விவிஎஸ் என்பது கல்லின் தெளிவைக் குறிக்கும் தரப் படிகளில் ஒன்று. தெளிவுப் படி ஒரே ஒரு கேள்விக்குப் பதில். நன்றாகத் துடைத்த கல்லைப் 10 மடங்கு பெரிதாக்கிப் பார்க்கையில், பயிற்சி உள்ளவர் கண்ணுக்கு அதிலுள்ள குறை எவ்வளவு சிரமப்பட்டால் அகப்படும்? சிரமம் கூடக்கூடப் படி உயரும். கல் மினுங்குமா, மங்கலாக இருக்குமா, அடிபட்டால் விரியுமா என்பதெல்லாம் அந்தக் கேள்விக்குள் ஓரளவுதான் வருகின்றன. மினுக்கம் பெரும்பாலும் வெட்டைப் பொறுத்தது. உறுதி, குறையின் வகையையும் அது இருக்கும் இடத்தையும் பொறுத்தது. ஆகவே படியின் பெயரைக் கேட்டதோடு நில்லாமல், "என்ன குறை, எங்கே இருக்கிறது?" என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். கடைக்காரர் அதற்குப் பதில் சொல்லத் தயங்கினால் லூப் என்னும் கைப் பூதக்கண்ணாடியை வாங்கி நீங்களே பாருங்கள்.

பதினொரு படிகள்

இன்று எங்கும் புழங்கும் அளவுகோலை அமெரிக்காவின் ஜிஐஏ என்னும் ரத்தின ஆய்வு நிறுவனம் 1950களில் வகுத்தது. நம் ஊர்க் கடைகளில் அதிகம் பார்க்கும் ஐஜிஐ ஆய்வகச் சான்றிதழும் ஏறக்குறைய இதே படிகளைத்தான் எழுதுகிறது.

உச்சியில் எஃப்எல். 10 மடங்கில் உள்ளேயும் வெளியேயும் ஒன்றுமில்லை. அடுத்தது ஐஎஃப்: உள்ளே சுத்தம், மேல்பரப்பில் மட்டும் மிகச் சிறு கீறல் போன்றவை. இந்த இரண்டும் தோட்டுக் கடைகளில் அபூர்வம். தேடி அலையவும் வேண்டாம்.

விவிஎஸ்1, விவிஎஸ்2 இரண்டிலும் குறை உண்டு. ஆனால் கைதேர்ந்தவருக்கே 10 மடங்கில் கண்டுபிடிக்கச் சிரமம். விஎஸ்1, விஎஸ்2 கற்களில் கொஞ்சம் முயன்று பார்த்தால் தெரியும். எஸ்ஐ1, எஸ்ஐ2 வந்துவிட்டால் லூப்பைக் கண்ணில் வைத்த உடனேயே தென்படும். கடைசியில் ஐ1, ஐ2, ஐ3: லூப்பில் பளிச்சென்று தெரியும், பல சமயம் வெறுங்கண்ணுக்கும் தெரியும், கல்லுக்குள் வெளிச்சம் போய்வருவதைக் கெடுக்கும், சிலவற்றில் கல்லின் உறுதியையும் குறைக்கும்.

வாங்குகிறவருக்குப் பயன்படும் கோடு எஸ்ஐ படிகளுக்குள்ளேதான் ஓடுகிறது. விஎஸ்2 வரை வெறுங்கண்ணில் குறை தெரிவது அரிது. எஸ்ஐ1 பெரும்பாலும் தெரியாது. எஸ்ஐ2வில் கல்லுக்குக் கல் மாறும். ஒன்றில் ஒன்றுமே தெரியாது, இன்னொன்றில் நடுவில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும். சான்றிதழில் இரண்டுக்கும் ஒரே படிதான். அதனால்தான் எஸ்ஐ2 கல்லைப் போனில் படம் பார்த்து வாங்கக் கூடாது.

படி போடுவது இயந்திரம் இல்லை, மனிதர். ஆய்வகத்தில் ஒருவருக்கு மேற்பட்டவர்கள் பார்த்து முடிவு செய்கிறார்கள். மைக்ரோஸ்கோப்பில் இன்னும் பெரிதாக்கிக் குறையைத் தேடினாலும், படியை முடிவு செய்வது 10 மடங்குப் பார்வையில்தான். ஒரே கல்லுக்கு இரண்டு ஆய்வகங்கள் ஒரு படி ஏற்றியும் இறக்கியும் சொல்வது நடக்கும். கடைக்காரரே தன் கையால் எழுதித் தரும் படி எந்தக் கணக்கிலும் சேராது.

குறை என்றால் என்ன

பூமிக்கு அடியில் 150 கிலோமீட்டருக்கும் கீழே, பெரும் அழுத்தத்தில் வளர்ந்த பொருள் இது. வளரும்போது பக்கத்தில் இருந்த தாதுவை உள்ளே பிடித்துக்கொள்ளும், மேலே வரும்போது நெருக்கடியில் விரியும், பட்டை தீட்டுகிறவர் கையில் சில காயங்கள் படும். இந்த மூன்று வழியாகவும்தான் குறைகள் வருகின்றன. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று வைரத்தின் நான்கு குற்றங்களைச் சிலப்பதிகாரம் மதுரைக் கடைத்தெருவைக் காட்டும் இடத்திலேயே எண்ணிச் சொல்லிவிடுகிறது. காக்கைக் கால் போன்ற விரிசல், கறை, புள்ளி, கோடு: இன்றைய சான்றிதழில் வருவதும் கிட்டத்தட்ட இவைதான், பெயர் மட்டும் வேறு.

பின்பாயின்ட் என்பது ஊசிமுனை அளவுப் புள்ளி. லூப்பில் வெள்ளையாகவோ கறுப்பாகவோ தூசி போலத் தெரியும். ஒன்றிரண்டு இருந்தால் விவிஎஸ் படியிலேயே நிற்கும். இதே புள்ளிகள் நூற்றுக்கணக்கில் கூடினால் அதன் பெயர் க்ளவுட், மேகம். சின்ன மேகத்தால் தொல்லை இல்லை. கல் முழுக்கப் பரவிய மேகம் மோசம். தனித்தனியாக எதையும் சுட்டிக்காட்ட முடியாது, ஆனால் கல் எண்ணெய் தடவியது போல மங்கிக் கிடக்கும். சான்றிதழ் படித்து மட்டும் வாங்குகிறவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான்.

கிரிஸ்டல் என்பது உள்ளே மாட்டிக்கொண்ட வேறொரு தாது, அல்லது இன்னொரு குட்டி வைரம். நிறமில்லாமல் இருந்தால் லூப்பில் குமிழி போலத் தெரியும், வெறுங்கண்ணுக்கு அகப்படாது. கார்னெட் மாட்டியிருந்தால் சிவப்பாக இருக்கும், பார்க்க அழகுதான். கறுப்பாக இருந்தால் அதே அளவுக்கு இரண்டு மடங்கு உறுத்தும். வீட்டுப் பெரியவர்கள் தோஷம் என்று தள்ளுவதும் பெரும்பாலும் இந்தக் கரும்புள்ளிக் கல்லைத்தான். தோஷத்தை நம்பினாலும் நம்பாவிட்டாலும், ஒரே படியில் வெள்ளைக் குறையும் கறுப்புக் குறையும் இருந்தால் வெள்ளையை எடுப்பது புத்திசாலித்தனம். மறுபடி விற்கும்போதும் கறுப்பு தள்ளுபடியாகும்.

ஃபெதர் என்பது விரிசல். ஒரு பக்கமாகச் சாய்த்தால் இறகு மாதிரி வெள்ளையாக விரிந்து தெரியும், இன்னொரு பக்கம் சாய்த்தால் வெறும் கோடாக ஒடுங்கிவிடும். எல்லா ஃபெதரும் பயப்பட வேண்டியவை இல்லை. கல்லின் உள்ளேயே ஆரம்பித்து உள்ளேயே முடியும் சிறு ஃபெதர் ஒன்றும் செய்யாது. மேல்பரப்பைத் தொடுவது, அதிலும் கிர்டில் என்னும் இடுப்பு விளிம்பிலிருந்து உள்ளே ஓடுவது, டேபிள் என்னும் மேல்தட்டையைப் பிளந்து நிற்பது, இவைதான் ஆபத்து. வைரம் கடினம்தான், மோஸ் அளவில் 10. ஆனால் கீறல் விழாத தன்மை வேறு, அடி தாங்கும் தன்மை வேறு. படிகத்தின் பிளவுத் திசையில் சரியாக அடி விழுந்தால் வைரமும் பிளக்கும். கல் கட்டும்போது ஆசாரி கம்பியை மடக்கி அழுத்துவது இடுப்பு விளிம்பின் மேல்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

ஊசி போன்ற நீடில், வளர்ச்சி திசைமாறிய இடத்தில் வரும் ட்வின்னிங் விஸ்ப், பாயில் ஓடும் கோரை வரிகளைப் போன்ற கிரெய்னிங், இவை எல்லாம் பார்வைக்கு உரியவை. உடைய வைப்பவை இல்லை. இடுப்பைச் சுற்றி மயிர்மயிராகத் தெரிவது பியர்டிங், கல்லை வட்டமாக்கிய வேகத்தில் வந்த நுண் விரிசல்கள். கேவிட்டி என்பது மேல்பரப்பில் திறந்த குழி: ஃபெதரின் ஒரு துண்டு பெயர்ந்தோ, உள்ளிருந்த படிகம் விழுந்தோ உண்டாகும். இதில் எண்ணெயும் அழுக்கும் போய் அடைந்து நாளடைவில் கறுத்துவிடும். தலைக்கு நல்லெண்ணெய் வைத்துக் குளிக்கும் வழக்கமுள்ள வீட்டில் கேவிட்டி உள்ள கல்லை வாங்கவே கூடாது. நேச்சுரல் என்று எழுதியிருந்தால் பயம் வேண்டாம். பட்டறையில் எடை இழக்காமலிருக்க இடுப்பில் விட்டுவைத்த மூலக்கல்லின் தோல் அது.

குறையை எடைபோடும் ஐந்து விஷயம்

அளவு, எண்ணிக்கை, இடம், வகை, எவ்வளவு தூக்கலாகத் தெரிகிறது என்பது: ஐந்தையும் சேர்த்துத்தான் படி. எல்லாக் குறையும் சமமாக எண்ணப்படுவதில்லை. பெரும்பாலும் ஒரே ஒரு குறைதான் படியை இறக்குகிறது, மற்றவை கூட்டத்தில் நிற்கின்றன.

இந்த ஐந்தில் வாங்குகிறவர் அதிகம் கவனிக்க வேண்டியது இடம். டேபிளுக்கு நேர் கீழே உள்ளது மிக மோசமாகத் தெரியும். இடுப்போரம் உள்ளது கம்பிக்குள் மறைந்துவிடும். கல்லின் அடிமுனை அருகே இருந்தால் இன்னொரு தொல்லை: அடிப்பட்டைகள் கண்ணாடிகளாக நின்று ஒரே புள்ளியை ஆறு எட்டாகப் பிரதிபலித்துச் சுற்றிலும் காட்டும். இருப்பது ஒன்று, தெரிவது எட்டு. இப்படிப் பிரதிபலிக்கும் கல்லுக்கு ஆய்வகமும் படியை இறக்கும்.

வடிவமும் பேசும். வட்ட வெட்டில் பட்டைகள் அதிகம், மினுக்கத்தில் சின்னக் குறை கரைந்துவிடும். எமரால்டு வெட்டு போலப் படிக்கட்டுப் பட்டை உள்ள கற்களில் நேரே உள்ளே பார்க்கலாம், ஒளிய இடமில்லை. வட்டத்தில் எஸ்ஐ1 போதும் என்றால் இதில் விஎஸ்1 வேண்டும். பேரிக்காய் வடிவத்தின் முனையிலும் சதுரக் கல்லின் மூலையிலும் ஃபெதர் இருந்தால் படி என்னவாக இருந்தாலும் தள்ளிவிடுங்கள்.

லூப்பைப் பிடிப்பது

வேண்டியது 10 மடங்கு ட்ரிப்லெட் லூப், அதாவது மூன்று வில்லை ஒட்டிய ஒன்று. 30 மடங்கு, 40 மடங்கு என்று பொறித்து மலிவாக விற்பவை ஒற்றை வில்லை. ஓரத்தில் நிறம் சிந்தும், உருவம் வளையும், போட்ட எண்ணும் பல சமயம் பொய். சோதிக்க எளிய வழி உண்டு. வரைபடத் தாளின் கட்டங்களை அதில் பாருங்கள். ஓரம் வரை கோடுகள் நேராக இருந்து, நீலமும் மஞ்சளும் சிந்தாமல் இருந்தால் நல்ல லூப்.

வெளிச்சம்தான் பாதி வேலை. கடைகளில் மேலிருந்து கொட்டும் ஸ்பாட் லைட் கல்லை மினுக்குவதற்காக வைத்தது, குறை பார்க்க அல்ல. அந்த ஒளியில் எந்தக் கல்லும் ஜொலிக்கும், உள்ளே எதுவும் தெரியாது. மூடியுள்ள வெள்ளை எல்இடி மேசை விளக்கைக் கேளுங்கள். மூடியின் விளிம்புக்குக் கீழே கல்லைப் பிடித்து, ஒளி பக்கவாட்டில் அடியிலிருந்து கல்லுக்குள் நுழையும்படி வைத்து, பின்னால் கறுப்புத் துணியோ அட்டையோ இருக்கட்டும். அப்போது குறைகள் இருட்டில் வெள்ளையாக எழுந்து நிற்கும். போன் டார்ச்சை மேலிருந்து அடித்தால் கண் கூசுவது தவிர ஒன்றும் நடக்காது.

பார்க்கும் முறை இது:

1. கல்லைத் துடையுங்கள். உதிரிக் கல் என்றால் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் முக்கி, நூல் பிசிராத துணியில் துடைத்தால் போதும். விரலால் தொட்ட கல்லில் எண்ணெய்ப் படலம் ஒட்டியே இருக்கும். வைரம் எண்ணெயை இழுக்கும் பொருள்.

2. இடுக்கியால் இடுப்பில் பிடியுங்கள். மேலும் கீழுமாகப் பிடித்தால் பார்க்க வேண்டிய இடமே மறைந்துவிடும்.

3. லூப்பைக் கண்ணோடு ஒட்டி வையுங்கள், லூப் பிடித்த கை கன்னத்தில் படட்டும். கல்லை லூப்பிலிருந்து சுமார் 2.5 சென்டிமீட்டருக்குக் கொண்டுவாருங்கள். இரண்டு முழங்கையும் மேசையில் ஊன்றி, இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். ஒரு கண்ணை மூடினால் இரண்டு நிமிடத்தில் அலுத்துப்போகும்.

4. முதலில் டேபிள் வழியாக நேரே உள்ளே பாருங்கள். கல்லை மெல்ல முன்னும் பின்னும் நகர்த்தினால் பார்வை மேல்பரப்பிலிருந்து அடிமுனை வரை இறங்கும். பிறகு கடிகார முள் சுற்றுவது போல் சுற்றை எட்டுப் பங்காக்கி, ஒவ்வொரு பங்காகச் சாய்த்துப் பாருங்கள். பிறகு கவிழ்த்து அடிப்பக்கம், கடைசியாக இடுப்பு விளிம்பு.

5. இடுக்கியின் பிடியை 90 டிகிரி மாற்றி மீண்டும் ஒரு சுற்று. இடுக்கி முனை மறைத்த இடத்தில்தான் சில்லு இருக்கும். இடுக்கியின் நிழலே உள்ளே கறுப்பாகப் பிரதிபலித்து குறையென்று ஏமாற்றுவதும் உண்டு. பிடியை மாற்றினால் அது இடம் மாறும்.

தூசியா குறையா என்று குழம்பினால் முதலில் பிரஷ்ஷால் தட்டுங்கள். அதற்குப் பிறகும் இருந்தால் பட்டையின் விளிம்புகளைக் கவனியுங்கள். புள்ளியும் பட்டை விளிம்பும் ஒரே நேரத்தில் தெளிவாகத் தெரிந்தால் அது மேல்பரப்பில் இருக்கிறது. புள்ளி தெளிவாகி விளிம்பு மங்கினால் உள்ளே இருக்கிறது. அடிப்பக்கத்தில் ஒட்டிய தூசி மேலிருந்து பார்க்கையில் அச்சாக உள்குறை போலவே தெரியும். கவிழ்த்துத் துடைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

மங்கலுக்குத் தனிச் சோதனை. கல்லைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய், நேர் வெயில் படாத பகல் வெளிச்சத்தில், இன்னொரு நல்ல கல்லின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பக்கத்தில் வைத்தால்தான் தெரியும். தனியாகப் பார்த்தால் மங்கல் கல்லும் நல்ல கல்லாகவே தோன்றும்.

சான்றிதழைப் படிப்பது

முழுச் சான்றிதழில் கல்லின் மேல், கீழ்த் தோற்றத்தை வரைந்து குறைகளைக் குறித்திருப்பார்கள். சிவப்பு உள்ளே இருப்பது, பச்சை மேல்பரப்பில் இருப்பது. கேவிட்டி போல இரண்டிலும் சேர்ந்தவைக்கு இரண்டு நிறமும் வரும். ஜிஐஏ சான்றிதழில் குறைகளின் பட்டியல் வரிசையில் முதலில் நிற்பது பொதுவாகப் படியை அதிகம் பாதித்தது. ஆகவே முதல் பெயரைப் பாருங்கள். எஸ்ஐ1, முதல் பெயர் கிரிஸ்டல் என்றால் இடத்தைப் பார்த்து முடிவு செய்யலாம். முதல் பெயர் கேவிட்டி என்றால் அடுத்த கல்லுக்குப் போய்விடலாம்.

படத்தைவிடக் கீழேயுள்ள குறிப்பு வரி முக்கியம். "மேலும் சில மேகங்கள் படத்தில் காட்டப்படவில்லை" என்பது சாதாரணம். "தெளிவுப் படி, படத்தில் காட்டப்படாத மேகங்களை வைத்துத் தரப்பட்டது" என்று ஆங்கிலத்தில் இருந்தால் எச்சரிக்கை: படம் வெறுமையாக, கல் சுத்தமாக இருப்பது போலத் தோன்றும், ஆனால் கல் முழுக்க மேகம். எஸ்ஐ2வில் இந்த வரி கண்டால் மேலே சொன்ன பகல் வெளிச்சச் சோதனை கட்டாயம்.

சிறு கற்களுக்கான சுருக்கச் சான்றிதழில் படமே இருக்காது. அப்போது லூப்தான் துணை. சான்றிதழும் கல்லும் ஒன்றுதானா என்பதை மூன்று வழியில் ஒத்துப் பாருங்கள்: இடுப்பில் லேசரால் பொறித்த எண், நூறில் ஒரு பங்கு கேரட் வரையான எடை, மில்லிமீட்டர் அளவு. ஆய்வகத்தின் இணையதளத்தில் எண்ணைப் போட்டு, வருகிற விவரத்தைக் கையிலுள்ள தாளோடு ஒப்பிடுங்கள். ஆனால் பொறித்த எண்ணையும் போலியாகப் பொறிக்கலாம். படத்திலுள்ள குறையை லூப்பில் கண்டுபிடித்தால்தான் கல் உறுதி. குறை இருப்பதில் உள்ள ஒரே லாபம் இது, கல்லுக்கு அதுவே கைரேகை.

ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும்

இதுவரை சொன்னதெல்லாம் ஒற்றைக் கல்லுக்கு. நம் பக்கத்தில் ஒற்றைக் கல்லைவிட அதிகம் விற்பது தோடும் பேசரியும் மூக்குத்தியும்தான். கணக்கு அங்கே மாறுகிறது.

இரண்டு காதுக்கும் சேர்த்து ஏழுகல் தோட்டில் 14 கற்கள். மொத்தம் 1 கேரட் என்றால், அதாவது 100 சென்ட் என்றால், ஒரு கல் சுமார் 7 சென்ட், குறுக்களவு 2.7 மில்லிமீட்டர் போல. இவ்வளவு சிறு கற்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் பொதுவாக இருக்காது. நகை முழுவதற்கும் ஒரு தாள் தருவார்கள். அதில் "விவிஎஸ்–விஎஸ்" என்று ஒரு வரம்பாகவே எழுதியிருக்கும். கட்டிய கல்லில் கம்பி மறைக்கிறது, அடிப்பக்கம் தெரிவதில்லை, ஆகவே தெரிந்தவரைதான் சொல்ல முடியும். ஜிஐஏ கட்டிய கல்லுக்குப் படி தருவதே இல்லை. வரம்பில் மேல்முனையைச் சொல்லி விற்பது கடையின் பழக்கம். கீழ்முனைக்குப் பணம் கொடுப்பது உங்கள் பழக்கமாக இருக்கட்டும்.

செய்யச் சொல்லி வாங்குவதானால் ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: கட்டுவதற்கு முன் 14 கல்லையும் உதிரியாக வெள்ளைத் தாளில் கொட்டிக் காட்ட வேண்டும். கவிழ்த்துப் போட்டுப் பார்த்தால் நிற வித்தியாசம் தெரியும். பிறகு லூப். பதினான்கையும் முழுச் சோதனை செய்யத் தேவையில்லை. ஒவ்வொன்றிலும் கரும்புள்ளி, இடுப்புச் சில்லு, மங்கல் இந்த மூன்றை மட்டும் பாருங்கள். தோட்டில் சராசரி எடுபடாது. 13 விவிஎஸ் கல்லுக்கு நடுவில் ஒரு மங்கல் எஸ்ஐ2 இருந்தால் கண் அதில்தான் போய் விழும். நடுக்கல்லுக்கும் சுற்றுக் கற்களுக்கும் மினுக்கம் ஒத்திருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது.

7 சென்ட் கல்லுக்கு விவிஎஸ்1 தேவையா? எங்கள் அபிப்பிராயம், தேவையில்லை. காதில் போட்ட பிறகு ஒரு முழத்துக்கு அப்பால் இருந்துதான் யாரும் பார்க்கிறார்கள். விஎஸ்2 தாராளம், நன்றாக வெட்டிய எஸ்ஐ1 கூடப் போதும். மிச்சமாகும் பணத்தை வெட்டிலும் நிறத்திலும் போடுங்கள். மூக்குத்தி கொஞ்சம் வேறு. முகத்துக்கு நடுவில் இருக்கிறது, துண்டிலும் சட்டையிலும் மாட்டி அடிபடுகிறது. ஆகவே இடுப்பில் ஃபெதர் இல்லாத விஎஸ் கல் நல்லது.

விற்பவர் "ப்ளூ ஜாகர்" என்று சொன்னால் அதைத் தெளிவுப் படியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் ஜாகர்ஸ்ஃபான்டைன் சுரங்கத்திலிருந்து வந்த நீலம் கலந்த வெள்ளைக் கற்களுக்கு ஏற்பட்ட பெயர் அது. சுரங்கம் 1971ல் மூடப்பட்டுவிட்டது. இன்று கடையில் சொல்வது பெரும்பாலும் புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும் கல்லை. எந்த ஆய்வகத் தாளிலும் ஒரு படியாக அந்தப் பெயர் வராது.

பாட்டி தோட்டைப் பார்ப்பது

கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் பக்கத்து வீடுகளில் இரண்டு மூன்று தலைமுறை கண்ட தோடுகள் இருக்கின்றன. பலவும் பின்பக்கம் மூடிய கட்டு. உள்ளே எண்ணெயும் அழுக்கும் இறங்கினால் கல் கறுத்தது போல இருக்கும். கல்லில் குறை என்று குறைந்த விலைக்குக் கேட்பார்கள். மூடிய கட்டை வீட்டில் ஊறவைக்கக் கூடாது, தண்ணீர் உள்ளே போய் நிலைமை இன்னும் மோசமாகும். பிரித்துத் துடைத்து மறுபடி கட்டத் தெரிந்த ஆசாரியிடம்தான் கொடுக்க வேண்டும். பின்பக்கம் திறந்த கட்டு என்றால், வெதுவெதுப்பான தண்ணீரில் பூந்திக்கொட்டை ஊறவைத்த நுரையிலோ, பாத்திரம் தேய்க்கும் திரவம் சில துளி விட்டோ 20 நிமிடம் ஊறவைத்து, குழந்தைகளின் மென்மையான பல்துலக்கியால் பின்பக்கத்திலிருந்து தேய்க்கலாம்.

பழைய வெட்டுக் கல்லில் நடுவில் ஒரு சின்ன வட்டம் ஓட்டை போலத் தெரிந்தால் அது குறையில்லை. அந்தக் காலத்தில் அடிமுனையைக் கூராக விடாமல் தட்டையாக ஒரு பட்டை வெட்டினார்கள். மேலிருந்து பார்க்கையில் அதுதான் கண்ணாக முழிக்கிறது. இதைக் "கல்லில் ஓட்டை" என்று சொல்லி விலை குறைக்கிறவரிடம் தோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு இறங்கிவிடுங்கள். பழைய கல்லில் உண்மையாகவே தேட வேண்டியது இடுப்புச் சில்லுகளை. பல தடவை பிரித்துக் கட்டிய கல்லில் அவை இல்லாமல் இராது.

தெளிவைச் செயற்கையாகக் கூட்டிய கற்கள்

கரும்புள்ளி வரை லேசரால் துளையிட்டு, அமிலம் விட்டு வெளுப்பது ஒரு வழி. பக்கவாட்டில் சாய்த்தால் மேல்பரப்பிலிருந்து உள்ளே நேராக இறங்கும் வெள்ளை நூலாகத் துளை தெரியும். இதற்கு ஜிஐஏ படி தரும். துளையையும் தாளில் எழுதிவிடும். இன்னொரு வழி, விரிசலில் கண்ணாடி போன்ற பொருளை ஊற்றி மறைப்பது. கல்லை மெல்ல ஆட்டினால் விரிசல் ஓரத்தில் ஆரஞ்சு, நீலம், ஊதா என்று ஒரு மின்னல் ஓடும். இந்தக் கல்லுக்கு ஜிஐஏ படி தருவதில்லை. விலை மலிவாக, வெறுங்கண்ணுக்குச் சுத்தமாக, தாள் இல்லாமல் இருந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் தெளிவுக்கும் ஒரு குழப்பம் இருக்கிறது. அதுவும் வைரமே, அதில் விவிஎஸ் கிடைப்பது எளிது. படி உயர்ந்ததால் இயற்கைக் கல் என்று ஆகாது. லூப்பாலும் கடைகளில் வைத்திருக்கும் சாதாரண வெப்ப டெஸ்டராலும் இரண்டையும் பிரிக்க முடியாது. 2025 அக்டோபர் முதல் ஜிஐஏ இந்தக் கற்களுக்குப் பதினொரு படிகளைப் போடுவதை நிறுத்திவிட்டு, பிரீமியம், ஸ்டாண்டர்டு என்ற இரண்டு பெயர்களை மட்டும் தருகிறது. ஐஜிஐ இன்னும் படி எழுதுகிறது. அது எந்த வகைக் கல்லுக்கான தாள் என்று தலைப்பிலேயே போட்டிருக்கும், முதலில் அதைப் படியுங்கள்.

பில்லில் என்ன இருக்க வேண்டும்

ஹால்மார்க்கும் ஆறு எழுத்து எச்யூஐடி அடையாளக் குறியும் தங்கத்தின் தரத்துக்கு மட்டும். கல்லைப் பற்றி அவை ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஆகவே பில்லில் கல்லின் எண்ணிக்கை, மொத்த எடை, தெளிவு, நிறம், இயற்கையா வளர்த்ததா என்பது, சான்றிதழ் எண் எல்லாம் எழுதி வாங்குங்கள். தங்கத்தின் நிகர எடை தனியாக வர வேண்டும்: 1 கேரட் கல் 0.2 கிராம், அதைத் தங்க விலையில் சேர்த்துப் போட்டிருக்கக் கூடாது.

வைரம் ஒத்துக்கொள்கிறதா என்று சில நாள் பூஜையறையில் வைத்துப் பார்க்கும் வழக்கம் உள்ளவர்கள், திருப்பிக் கொடுக்கும் கெடுவை வாய்மொழியாக விடாமல் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். கொண்டுபோகும் முன் கடைக்காரர் முன்னாலேயே கல்லின் எடையையும் ஒரு அடையாளக் குறையையும் இருவரும் பார்த்துக் குறித்துக்கொண்டால், திரும்பக் கொடுக்கும்போது "இது எங்கள் கல் இல்லை" என்ற பேச்சு வராது.

பிறகு கம்பி தேய்ந்து பற்றவைக்கக் கொடுக்கும் நாள் வரும். கல்லில் இன்ன இடத்தில் ஃபெதர் இருக்கிறது என்று ஆசாரியிடம் சொல்லிவிடுங்கள். அந்த இடத்தில் கம்பியை அழுத்தாமல் தள்ளி மடக்குவார். ஊதுகுழல் சூட்டில் விரிசலுக்குள் ஊற்றிய கண்ணாடி உருகி வெளியேறிவிடும், நல்ல வைரமும் காற்றுப் பட்டுச் சூடேறினால் மேலே வெண்மையாகக் கருகும். அதைத் தடுக்க போரிக் ஆசிட் கரைசலில் முக்கிய பிறகே தீயில் காட்டுவார்கள். விரிசல் நிரப்பிய கல் என்று தெரிந்தால் கல்லைக் கழற்றிய பிறகே தீ வைக்கச் சொல்லுங்கள். அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுச் சுத்தம் செய்வதும் அந்தக் கல்லுக்கும், மேல்பரப்பைத் தொடும் பெரிய ஃபெதர் உள்ள கல்லுக்கும் வேண்டாம்.